கணக்கப்பிள்ளைக்குப் பெண் எடுத்த நல்லம்மா

குண்டசாலைக்கு மேலே, மகாவலி ஆறு வளைந்து போவது தெரிகிற ஒரு சரிவில் நல்லம்மாவின் போஞ்சி அவரைத் தோட்டம் இருக்கிறது. நாட்டின் விவசாய வரலாற்றை எழுதியவர்கள் அந்தப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தாலும் ஒற்றையடிப் பாதையில் வழுக்கி விழுந்து, உடுப்பைத் தட்டிக்கொண்டு திரும்பியிருப்பார்கள். ஆகவே பொறிவண்டுகளுக்குச் சம்பந்தம் பேசி, நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கல்யாணம் செய்துவைத்த முதல் பெண்மணி என்ற பெருமை இதுவரை எங்கும் பதிவாகாமல் கிடக்கிறது. அந்தக் குறையை இனியும் விட்டுவைப்பது முறையல்ல.

முதலில் அவளுடைய கணவர் சந்தனத்தைச் சொல்ல வேண்டும். அவர் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். முதுகில் டேங்க், வாயில் துணி, துணிக்குள்ளே ஓயாத பேச்சு. அதனால் தேயிலைக்கு என்ன நன்மை வந்ததோ, அவருக்கு இழுப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டு இந்தத் துண்டு நிலத்துக்குக் குடிவந்த அன்றே நல்லம்மா ஒரு சட்டம் போட்டாள். மருந்து டேங்க் இந்த வேலிக்குள் வரக்கூடாது. பாராளுமன்றம் போடுகிற சட்டங்களுக்குக் கிடைக்காத மரியாதை அந்தச் சட்டத்துக்குக் கிடைத்தது. அதை மீறினால் தண்டனையும் உடனே வரும். மருந்து வாசம் பட்ட நாளில் சந்தனத்தின் நெஞ்சு விசிலடிக்கும்.

நிலத்தில் வேலைப் பங்கீடு ஒழுங்காக நடந்தது. கொத்துவது, நடுவது, கம்பு ஊன்றுவது, காய் ஆய்வது எல்லாம் நல்லம்மா. வரப்போரம் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பேசுவது சந்தனம். பழைய துரைமார், செத்துப்போன கங்காணிமார், கண்டிச் சந்தையில் தக்காளி விற்கிறவனின் இரண்டாவது கல்யாணம், எதுவும் மிச்சமில்லை. பேச்சு நின்றால் நல்லம்மா சட்டென்று நிமிர்ந்து பார்ப்பாள். மூச்சுத்தான் நின்றுவிட்டதோ என்று ஒரு பயம். பெரும்பாலும் வெற்றிலை மடிப்பதற்காக நின்றிருக்கும்.

"என்னா பாக்குற? இருக்கேன், இருக்கேன். வேலயப் பாரு."

மருந்தில்லாமல் போஞ்சி எப்படிக் காய்க்கும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். காய்த்தது. காரணம், சந்தனத்தின் மொழியில், கணக்கப்புள்ளைங்க. போஞ்சித் தளிரின் சாற்றை உறிஞ்சுகிற அழுக்கணவன் பூச்சி அடை அடையாக வரும். அதைத் தின்பதற்கு உளுந்தளவு பொறிவண்டுகள் வரும். மஞ்சள் முதுகில் கோணல் மாணலாகக் கறுப்புக் கோடு. நிரை நிரையாக, இலை இலையாக, அடியில் குனிந்து பார்த்து, மறுபக்கம் போய்ப் பார்த்து, ஒன்றையும் விடாமல் சோதித்துக்கொண்டு போவதைக் கண்ட சந்தனம், தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவில் நிரை நிரையாக வேலையைச் சோதிக்கிற மேற்பார்வையாளரின் பெயரை முதல் நாளே வைத்துவிட்டார்.

"அச்சா நம்ம மேக்கணக்குக் கணக்கப்புள்ள. ஒரே வித்தியாசம், இவரு யாரையும் வையல."

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு வருடம் மழை பிடித்தது. விடாமல் பெய்து, நின்று, மறுபடி பெய்து, வெயில் வந்து பார்த்தபோது அழுக்கணவன் தளிரெல்லாம் பூசினாற்போல் அப்பியிருந்தது. கணக்கப்பிள்ளைகளைத் தேடினால் அங்கொன்று இங்கொன்று, அதுவும் மெலிந்து போய்.

விவசாயப் போதனாசிரியர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பையன், நல்ல மனம், வெள்ளைச் சப்பாத்து. இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, நான் சொல்லுறதக் கேளுங்கோ. மருந்தை அடியுங்கோ. ஒருக்கா அடிச்சா போதும்."

"ஒருக்கா அடிச்சா இவருக்கும் போதும் தம்பி" என்று கதிரையைக் காட்டினாள் நல்லம்மா.

அன்று சாயந்தரம் அடுப்படியில் அவள் ஒரு கருத்தை வெளியிட்டாள். விஞ்ஞான உலகம் அதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை.

"என்னாங்க, கணக்கப்புள்ளைங்க ஏன் சூம்பிப் போயிட்டாங்க தெரியுமா?"

"மழ."

"மழ இல்லங்க. சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டித்தான். எங்க பெரியம்மா குடும்பத்தப் பாருங்க. அத்த மகன், மாமன் மகள்னு தலமொற தலமொறயாக் கட்டி, இப்பப் பொறக்குற புள்ளையெல்லாம் கண்ணாடி போட்டுக்கிட்டுப் பொறக்குது."

"நீயும் நானும் அத்த மகன் மாமன் மகதான்."

"அதத்தாஞ் சொல்றேன். நிஷாந்தினியப் பாருங்க. யாரு பேச்சயாச்சும் கேக்குதா?"

நிஷாந்தினி அவர்களுடைய ஒரே மகள். பல்லேகலையில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. பக்கத்திலேயே மாடியறை ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். தன்னை இப்படி ஆராய்ச்சிக்கு ஆதாரமாக எடுத்தது அவளுக்குத் தெரியாது.

ஆக, கணக்கப்பிள்ளைகளுக்கு அசலில் பெண் எடுப்பது என்று முடிவாயிற்று. தரகர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு நளீர், பல்லேகலைப் பக்கம் யாரோ ஒரு பணக்காரர் போட்ட பொலித்தீன் கூடாரத்தில் கறிமிளகாய்ச் செடி பார்க்கிறவன்.

"எங்கட கூடாரத்துல ஈக்கிற வண்டு ஒண்ணொண்ணும் கடலப்பருப்பு சைஸ் அக்கா. வெளிநாட்டுல இருந்து பெட்டில வந்தது. காலைல ஒரு செடில வுட்டா பகலைக்குள்ள தொடச்சி வெச்சிரும்."

"குடும்பம் எப்புடி?"

"குடும்பமா? தின்னும், தூங்கும். வேற கெட்ட பழக்கம் ஒண்ணும் நான் காணல்ல."

போதனாசிரியரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தாள். அவர் சிரித்தார். பிறகு, அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினார்.

"அதுகள் கலக்காது அம்மா. ரெண்டும் வேற வேற சாதி. அது இந்த நாட்டுக்குரியதும் இல்லை."

"படிச்ச புள்ள நீங்க, இந்தக் காலத்துல போயி சாதி பாக்குறீங்களே தம்பி" என்றாள் நல்லம்மா, உண்மையான வருத்தத்தோடு.

"எங்க தாத்தாவயும் அப்புடித்தான் சொன்னாங்க சார், இந்த நாட்டுக்காரன் இல்லன்னு" என்றார் சந்தனம் கதிரையிலிருந்து. "நாங்க யாரத் தின்னோம்?"

போதனாசிரியரிடம் பதில் இருந்தது. ஆனால் கீழே ரோட்டில் கண்டி குட்ஷெட் நிலையத்துக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

கல்யாணம் ஒரு புதன்கிழமை காலையில் நடந்தது. தயிர்ச் சட்டியின் வாயில் மெல்லிய துணி கட்டி, அதற்குள் மணமக்களில் ஒரு பாதியைக் கொண்டுவந்தான் நளீர். நல்லம்மா வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். வெற்றிலை பாக்கு வைத்தாள். சந்தனம் கதிரையை விட்டு எழுந்து நின்றார், அது அபூர்வம்.

"பொண்ணு வீட்டுக்காரங்க எங்கப்பா?"

"நான்தான் பொண்ணு வீடு. சாப்பாடு எங்க?"

"சீதனம் என்னா கொண்டாந்த, அதச் சொல்லு மொதல்ல."

"பசிதான் அண்ணே. வந்த பொண்ணுகளுக்கு நல்ல பசி."

துணியை அவிழ்த்தார்கள். ஒருத்தி சிவப்பில் புள்ளி புள்ளியாக, ஒருத்தி புள்ளியே இல்லாமல், ஒருத்தி கறுப்பில் இரண்டு சிவப்புப் பொட்டு. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு இத்தனை நிறமா என்று சந்தனம் சந்தேகம் கிளப்பினார். நிறத்தைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் கண்ணாடியைப் பார்க்கட்டும் என்று நல்லம்மா வாயை அடைத்தாள். வலது கால் எது என்று தெரியாததால், எல்லாக் காலையும் ஒன்றாக வைத்து அவை போஞ்சிக்குள் நுழைந்தன.

அழுக்கணவன் போன இடம் தெரியவில்லை. தளிர் நிமிர்ந்தது, பூத்தது, போஞ்சி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கீழ்க் கிராமத்திலிருந்து ஆட்கள் ஏறி வந்து பார்த்தார்கள். சந்தனம் ஒவ்வொருவருக்கும் கல்யாணக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல ஊர்வலம், மேளம் எல்லாம் சேர்ந்தது. வருகிற பட்டத்தில் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடுவார்கள் என்று நல்லம்மா இலையடியைத் தினமும் திருப்பிப் பார்த்தாள்.

ஒருநாள் காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே குந்திவிட்டாள். ஓர் இலையின் அடியில் கணக்கப்பிள்ளையின் குஞ்சுப் புழு ஒன்று, சாம்பல் நிறத்தில், பாதிதான் இருந்தது. மற்றப் பாதி, முள்முள்ளாய்க் கறுத்து விலாவில் செம்மஞ்சள் கோடு ஓடிய, புது மருமகள் ஈன்ற பெரிய புழுவின் வாயில் இருந்தது. அது அவசரப்படவில்லை. பக்கத்தில் மஞ்சள் முட்டைகள் இருந்த இடத்தில் வெறும் கறை. அடுத்த இலையைத் திருப்பினாள். அதற்கடுத்ததை. நிரை முடியும்வரை போனாள். கோணல் கோடு போட்ட முதுகு ஒன்றுகூட இல்லை.

"என்னாடி, பேச்சு மூச்சக் காணோம்?" என்றார் சந்தனம். அந்தக் கேள்வியை வழக்கமாக அவள்தான் கேட்பது.

"கல்யாணம் இல்லங்க. கணக்கப்புள்ள குடும்பத்த பூண்டோட தின்னுட்டாளுங்க."

சந்தனம் ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டார்.

மார்கழி வந்தது. போஞ்சி முடிந்துபோய், தின்ன ஒன்றும் இல்லாமல், பனியும் இறங்க, மருமகள்கள் வெளியே இருக்கப் பிரியப்படவில்லை. முறைப்படி புகுந்த வீட்டுக்குள் வந்தார்கள். தகரத்துக்கும் சீலிங் பலகைக்கும் நடுவில், யன்னல் சட்டத்தில், அலுமாரிக்குப் பின்னால், முருகன் படத்துக்குப் பின்னால், கொத்துக் கொத்தாக. கூட்டினால் சிவப்பாய்க் குவியும். மறுநாள் அவ்வளவும் மறுபடி இருக்கும். நசுங்கினால் மஞ்சளாய் ஒரு நீர் கசியும். ஊசிப்போன கச்சான் கடலை மாதிரி ஒரு கசப்பு வாசம் சேலையில், தலகாணியில், சோற்றுப் பானையில் எல்லாம் ஏறிக்கொண்டது.

அந்த வாசத்தில் நல்லம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சந்தனத்துக்கு இழுத்தது. சாதாரணமாய் இழுப்பதுபோல் இல்லை. படுத்தால் இழுத்தது, பேசினால் இழுத்தது. ஒரு சேதியைத் தொடங்கிப் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். கிளினிக் டாக்டர் நெஞ்சைக் கேட்டார், வீட்டில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டார். நல்லம்மா தலையைக் குனிந்துகொண்டு, "மருமகளுங்க" என்றாள். டாக்டர் குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டார். விளங்க வைக்க நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு, வண்டு போகும்வரை இவர் அந்த வீட்டில் இருக்கக்கூடாது என்று சொன்னார்.

சந்தனம் பல்லேகலைக்கு, மகளின் மாடியறைக்குப் போனார். நளீர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். நல்லம்மாவும் கூடப் போயிருக்கலாம். ஆனால் வீட்டைச் சுத்தம் பண்ண ஆள் வேண்டும். சுத்தம் பண்ணினால்தான் அவர் திரும்பி வர முடியும். அதற்காக அவள் தங்கினாள்.

அதன் பிறகு கொத்தப் போகும்போது போனை ஒரு போஞ்சிக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள். மாடியறையிலிருந்து சந்தனம் பேசினார்.

"யன்னலத் தொறந்தா ஒரு செவுரு தெரியுது நல்லு. நல்ல செவுரு. குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல."

"மருந்து எடுத்தீங்களா?"

"ஸ்டேடியத்துல கத்துறாங்க. யாரு அவுட்டுன்னு தெரியல. நானும் சேந்து கத்துனேன். அப்பறம் இழுத்துச்சு."

"ஏன் கத்துறீங்க?"

"பின்ன? செவுத்துக்கிட்டயா பேசுறது? எப்ப வரட்டும்?"

"வண்டு போகட்டும்ங்க."

"நாந்தான் போயிட்டேன். அது இருக்கு." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "வீடு யாருது நல்லு?"

நாள் போகப் போகச் சேதிகள் குறுகின. துரைமாரும் கங்காணிமாரும் வருவதில்லை. ஒரு வரி, ஒரு மூச்சு, ஒரு வரி. பிறகு "ம்" மட்டும். நல்லம்மா கொத்துவதை நிறுத்திவிட்டுக் கம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று அவள் தன் சட்டத்தைத் தானே ரத்துச் செய்தாள். வேலியோரம் போய் நளீரிடம் மருந்து டேங்கைக் கேட்டாள்.

"அக்கா, நீங்களா?"

"நாந்தான். குடு."

"சட்டிய கொண்டுவந்தது நான் அக்கா. நானே அடிச்சித் தாரன்."

"கேட்டது நான் நளீரு."

அவளே அடித்தாள். கதவு யன்னலைச் சாத்திவிட்டு, முந்தானையை வாயில் கட்டிக்கொண்டு, சீலிங் இடுக்கு, அலுமாரி, முருகன் படம், ஒன்றையும் விடவில்லை. வண்டுகள் சீலிங் பலகையிலிருந்து பொலபொலவென்று கொட்டின. பிறகு கதவுகளைத் திறந்துபோட்டு, சுவரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணிமணிகளை எல்லாம் அவித்துத் துவைத்தாள். விரதம் இருக்கிற வீட்டில்கூட அப்படி ஒரு சுத்தம் இருக்காது. வண்டு இல்லை. மருந்து வாசம் இருந்தது.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் எழுந்தது. வாசத்தை மோந்து பார்க்கிற மூக்கு அவளுடையது. அதைத் தாங்க வேண்டிய நெஞ்சு பல்லேகலையில் இருந்தது. தினமும் விடிந்ததும் வாசலிலிருந்து உள்ளே வந்து மோந்து பார்ப்பாள். கொஞ்சம் குறைந்தாற்போல் இருக்கும். பிறகு குறையாதது போலவும் இருக்கும்.

"வாசம் இருந்தாப் பரவால்ல" என்றார் சந்தனம் போனில். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் காத்திருக்க வேண்டியிருந்தது. "ஒரு நாள்... வந்து ஒக்காந்துட்டு... போயிர்றேன்."

"வேணாங்க. பொறுங்க. இன்னும் கொஞ்சம் போகட்டும்."

"ஒரு நாள்தான்."

"சொன்னாக் கேளுங்க. பொறுங்க."

அவர் சொன்னதைக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு தடவைதான். இரண்டு நாள் கழித்து நிஷாந்தினி பெரியாஸ்பத்திரியிலிருந்து பேசினாள். அப்பாவைக் கொண்டுவந்து சேர்க்கும்போதே முடிந்துவிட்டது என்றாள்.

பகல் சாய்வதற்குள் வண்டி ஒற்றையடிப் பாதையின் அடிவரை வந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள், கீழ்க் கிராமத்து ஆட்கள், நளீர் வீட்டார் எல்லோரும் கூடிவிட்டார்கள். சந்தனத்தின் பெரியப்பா மகன் கறுப்பையா, இந்த மாதிரிக் காரியங்களை முன்னால் நின்று நடத்துகிறவர், வீட்டுக்குள் கட்டிலைத் துடைத்து, குத்துவிளக்கு வைத்து, எல்லாம் ஒழுங்குபண்ணியிருந்தார். நாலு பேர் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது நல்லம்மா நிலையில் குறுக்கே நின்றாள்.

"உள்ள வேணாம்."

"என்னாம்மா பேசுற? வீட்டுக்காரன் வீட்டுக்குள்ள வரணும்."

"உள்ள மருந்து வாசம். அவருக்கு ஆகாது."

தூக்கியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அம்மா" என்றாள் நிஷாந்தினி. "அப்பாவுக்கு இனி..."

"நீ சும்மா இரு. ஒனக்குத் தெரியாது. அடுத்த நிமிசம் இழுக்கும்."

கறுப்பையா முறையை எடுத்துச் சொன்னார். ஊர் என்ன பேசும் என்றார். இதுவரை எங்கும் இப்படி நடந்ததில்லை என்றார். எல்லாம் சரிதான். நல்லம்மா நிலையைப் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் நளீர்தான் போய் நீள வாங்குப் பலகை ஒன்றைத் தூக்கி வந்து வாசலில் போட்டு, மேலே தார்ப்பாயைக் கட்டினான்.

"அவங்க சொல்ற மாதிரி செய்ங்க. மவுத்தானவர் ஒண்ணும் சொல்லப் போறல்ல" என்றான். சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசலில் கிடத்தினார்கள். சற்று நேரத்தில் காற்று திரும்பி வீட்டுப் பக்கமிருந்து அடித்தது. நல்லம்மா எழுந்து நின்று மோந்து பார்த்தாள். வாசம் இந்தப் பக்கம் வருகிறது, அந்தப் பக்கம் மாற்றுங்கள் என்றாள். தார்ப்பாயை அவிழ்த்தார்கள். நாலு பேர் சந்தனத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, காற்று நல்லபடியாக வருகிற இடம் பார்த்து இறக்கினார்கள். தலை எந்தத் திசை என்று கறுப்பையா கேட்டார். மூச்சு விட வசதியான திசை என்றாள்.

தலையை ஒரு தலகாணி வைத்து உயர்த்தினாள். சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். சாம்பிராணித் தட்டோடு ஒரு பெண் வந்ததும், அதை வாங்கி அப்பால் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பொக ஆகாது" என்றாள் யாரையும் பார்க்காமல்.

ஊதுபத்தியைக் கறுப்பையாவே பிடுங்கி மண்ணில் குத்தி அணைத்தார். முற்றத்தோரத்தில் பீடி பற்றவைத்திருந்த இரண்டு பேர் எழுந்து, வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள்.